படிவம் "அனுப்பியாச்சு" என்கிறது, மெயிலைக் காணோம்: எங்கே தேடுவது?

நண்பர் ஒருவர் தையல் மிஷின் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறார். வேர்ட்பிரஸ்ஸில் சின்னதாக ஒரு தளம், அதில் ஒரு தொடர்புப் படிவம். "மூணு மாசமா ஒருத்தர்கூட எழுதலைங்க, தளத்தையே மூடிடலாம்னு பாக்கறேன்" என்றார். நானே படிவத்தை நிரப்பி அனுப்பிப் பார்த்தேன். பச்சைக் கட்டத்துக்குள் நன்றிச் செய்தி வந்தது. அவருடைய இன்பாக்ஸில் ஒன்றும் வரவில்லை. அந்த மெயில்கள் எங்கே கிடந்தன என்பதை 4-ஆம் படியில் சொல்கிறேன்.

முதலில் அந்தப் பச்சையை நம்பாதீர்கள். உங்கள் சர்வர் மெயிலை வாங்கிக்கொண்டது என்பதுதான் அதற்கு அர்த்தம். தபால் பெட்டியில் கடிதம் விழுந்துவிட்டது, அவ்வளவே. அதற்கு அப்புறம் எங்கே நின்றது என்று தெரியாமல் பிளக்இன் (வேர்ட்பிரஸ்ஸில் சேர்க்கும் துணை நிரல்) மேல் பிளக்இன் போட்டால் குழப்பம்தான் மிஞ்சும்.

படி 1: நிறத்தைப் பாருங்கள்

பலரும் பயன்படுத்தும் படிவப் பிளக்இனான கான்டாக்ட் ஃபார்ம் 7-ஐ வைத்தே சொல்கிறேன். அனுப்பியதும் செய்தியைச் சுற்றி வரும் கட்டத்தின் நிறம் ஒரு துப்பு. மஞ்சள் என்றால் ஏதோ ஒரு கட்டம் சரியாக நிரப்பப்படவில்லை. ஆரஞ்சு என்றால் ஸ்பேம் என்று தடுத்துவிட்டது. ஸ்பேமைத் தடுக்கும் ரீகேப்ட்சா, அகிஸ்மெட் போட்டிருந்தால் அவற்றின் அமைப்புகளைப் பாருங்கள். சிவப்பு என்றால் சர்வரே மெயிலை வாங்க மறுக்கிறது. நேராக 3-ஆம் படிக்குப் போங்கள். பச்சை வந்தும் மெயில் வரவில்லையா? ஸ்பேம் ஃபோல்டரை ஒரு தடவை திறந்து பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.

சோதிக்கும்போது, மெயில் வந்து சேர வேண்டிய அதே முகவரியைப் படிவத்திலும் போடாதீர்கள். வேறொரு முகவரி போடுங்கள்.

படி 2: 'ஃப்ரம்' கட்டத்தில் யார் பெயர்?

புதிதாகத் தளம் வைப்பவர்கள் அதிகம் செய்யும் தப்பு இதுதான். படிவத்தை நிரப்பியவர்தானே எழுதுகிறார் என்று நினைத்து, 'ஃப்ரம்' இடத்தில் அவருடைய முகவரியையே வைத்துவிடுகிறார்கள். அவர் யாஹூ முகவரி கொடுத்தால் என்ன ஆகும்? யாஹூ பெயரில் மெயில் போகிறது, ஆனால் அனுப்புவது உங்கள் ஹோஸ்டிங் சர்வர். வாங்குகிற பக்கத்தில் அது போலிக் கையெழுத்து மாதிரிதான் தெரியும். தங்கள் சர்வரிலிருந்து வராத யாஹூ மெயில்களை நிராகரிக்கச் சொல்லி 2014-லேயே அந்நிறுவனம் தன் டிமார்க் விதியை (தன் பெயரில் வரும் போலி மெயிலை என்ன செய்வது என்று டொமைன் உரிமையாளர் சொல்லும் விதி) இறுக்கிவிட்டது.

படிவத்தின் 'மெயில்' தாவலைத் திறந்து இரண்டு மாற்றங்கள் செய்யுங்கள். 'ஃப்ரம்' இடத்தில் உங்கள் டொமைனிலேயே உள்ள ஒரு முகவரி. அதற்குக் கீழே 'அடிஷனல் ஹெடர்ஸ்' பெட்டியில் 'ரிப்ளை-டூ' என்று போட்டு, வாடிக்கையாளரின் முகவரியைக் கொண்டுவரும் மெயில் டேக் (சதுர அடைப்புக்குறிக்குள் வரும் குறி). இப்படி வைத்தால் நீங்கள் 'ரிப்ளை' அழுத்தும்போது பதில் அவருக்கே போகும்.

படி 3: எஸ்எம்டிபி வழியாக அனுப்புங்கள்

வேர்ட்பிரஸ் தானாக அனுப்பும்போது, பொதுவாக பிஹெச்பி-யின் மெயில் வசதியைத்தான் பிடித்துக்கொள்ளும். பயனர் பெயர், கடவுச்சொல் எதுவும் அதற்குத் தேவையில்லை. அதனால்தான் அதற்கு மதிப்பும் குறைவு. சில ஹோஸ்டிங்கில் அதை மூடியே வைத்திருப்பார்கள்.

எஸ்எம்டிபி என்பது ஒரு மெயில் கணக்கில் உள்நுழைந்து மெயில் அனுப்பும் முறை. அதற்கு டபிள்யூபி மெயில் எஸ்எம்டிபி போன்ற ஒரு பிளக்இன் நிறுவுங்கள். ஹோஸ்டிங்கில் உருவாக்கிய மெயில் கணக்கின் சர்வர் பெயர், பயனர் பெயர், கடவுச்சொல் கொடுங்கள். என்க்ரிப்ஷன் கேட்கும் இடத்தில், போர்ட் 587 என்றால் டிஎல்எஸ், 465 என்றால் எஸ்எஸ்எல். 25 வேண்டாம், பல கிளவுட் நிறுவனங்கள் அதை அடைத்துவைத்திருக்கின்றன. ஜிமெயில் கணக்கைக் கொடுப்பதானால் உங்கள் வழக்கமான கடவுச்சொல் செல்லாது. இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்து 'ஆப் பாஸ்வேர்ட்' எடுக்க வேண்டும். பிளக்இனிலேயே சோதனை மெயில் அனுப்பும் வசதி இருக்கும். பிழை வந்தால் அந்த வரியை அப்படியே நகலெடுத்து ஹோஸ்டிங் உதவிக்கு அனுப்புங்கள். "மெயில் வரலை" என்று மட்டும் எழுதினால் நாலு நாள் இழுப்பார்கள்.

படி 4: மெயில் வீட்டுக்குள்ளேயே சுற்றுகிறதா?

நண்பரின் கதை இதுதான். முதலில் ஹோஸ்டிங்கிலேயே மெயில் வைத்திருந்தார். பிறகு கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு மாறினார், எம்எக்ஸ் பதிவுகளையும் (டொமைனுக்கு வரும் மெயில் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்பவை) மாற்றினார். வெளியிலிருந்து வரும் மெயில் எல்லாம் சரியாக கூகுளுக்குப் போனது. ஆனால் தளமும் பழைய பெட்டியும் ஒரே சர்வரில்தான் இருந்தன. படிவம் அவர் முகவரிக்கு மெயில் கொடுத்ததும், "இது நம்ம டொமைன்தானே" என்று சர்வர் எம்எக்ஸைப் பார்க்காமலேயே பழைய பெட்டியில் போட்டுவிட்டது. வெப்மெயிலைத் திறந்தால் 41 விசாரணைகள் படிக்கப்படாமல் கிடந்தன. ஒருவர் பாபின் கேஸ் கேட்டு மூன்று தடவை எழுதியிருந்தார்.

சரிசெய்ய ஒரு நிமிடம்கூட ஆகாது. ஹோஸ்டிங்கை நிர்வகிக்கும் சிபேனலில் 'ஈமெயில் ரூட்டிங்' திறந்து, டொமைனைத் தேர்ந்தெடுத்து, 'லோக்கல்' என்பதை 'ரிமோட் மெயில் எக்ஸ்சேஞ்சர்' என்று மாற்றிச் சேமியுங்கள். சந்தேகம் இருந்தால் 'ட்ராக் டெலிவரி' பக்கத்தில் ஒவ்வொரு மெயிலும் எங்கே போனது என்று பார்க்கலாம்.

படி 5: ஸ்பேமில் விழுந்தால்

வந்த மெயிலை ஜிமெயிலில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'ஷோ ஒரிஜினல்' அழுத்துங்கள். எஸ்பிஎஃப் (உங்கள் டொமைன் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகிம் (மெயிலில் போடப்படும் டிஜிட்டல் கையெழுத்து), டிமார்க் மூன்றுக்கும் எதிரே 'பாஸ்' இருக்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு யார் அனுப்பினாலும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். புதுச் சேவை சேர்த்தால் இருக்கிற வரியிலேயே சேருங்கள். இரண்டாவது வரி போட்டால் இரண்டுமே செல்லாது.

இதெல்லாம் முடிந்ததும் ஃபிளமிங்கோ பிளக்இனையும் போட்டுவிடுங்கள். படிவத்தில் வரும் செய்திகளைத் தளத்தின் டேட்டாபேஸிலும் சேமிக்கும், மெயில் தொலைந்தாலும் செய்தி இருக்கும். நண்பருக்கும் அன்றே போட்டுக் கொடுத்தேன். பாபின் கேஸ் கேட்டவருக்கு அவர் போன் செய்தபோது, அந்த ஆள் வேறு கடையில் வாங்கிவிட்டிருந்தார்.