பேஸ்மென்டில் குடியேறியவர்களுக்கு: ஹீட்டர் வாங்குவதற்கு முன்

குளிர் நாட்டுக்கு வந்த புதிதில் நம்மில் பலருக்கும் வீட்டின் நிலத்தடித் தளமான பேஸ்மென்ட்தான் முதல் வீடு. பெயிண்ட், தரை, பாத்ரூம் எல்லாம் பளிச்சென்று இருக்கும், ஆனால் குளிர்காலம் வந்தால் மேலே இருப்பவர்கள் டி-ஷர்ட்டில் உலாவுவார்கள், நாம் கீழே சாக்ஸுக்கு மேல் சாக்ஸ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். உடனே ஹீட்டர் வாங்க ஓடாதீர்கள். குளிர் எந்த வழியாக வருகிறது என்று முதலில் பாருங்கள்.

வீட்டின் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் பெரும்பாலும் மேல்தளத்தில்தான் இருக்கும். அங்கே 21 டிகிரி வந்ததும், வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்பும் ஃபர்னஸ் நின்றுவிடும், கீழே 17 தான் என்பது அதற்குத் தெரியாது. தெர்மோஸ்டாட்டில் ஃபேனுக்குத் தனி செட்டிங் இருந்தால், வீட்டுக்காரரிடம் சொல்லி அதை 'ஆட்டோ' (Auto) என்பதிலிருந்து 'ஆன்' (On) என்பதற்கு மாற்றச் சொல்லுங்கள்; ஃபர்னஸ் எரியாத நேரத்திலும் காற்று சுற்றும், மேலுக்கும் கீழுக்கும் உள்ள வித்தியாசம் கொஞ்சம் குறையும். அப்புறம் ஃபில்டர் அடைத்துக்கிடந்தால் சூடான காற்று சரியாக வராது, அதையும் கேளுங்கள். பேஸ்மென்டில் சூடான காற்று வரும் துவாரமான வென்ட் பெரும்பாலும் சீலிங்கில் இருப்பதால் சூடு மேலேயே தங்கிவிடும். காற்றைத் திரும்ப இழுக்கும் வென்ட் சுவரின் அடியில் இருந்தால் அதை சோஃபாவாலோ பெட்டியாலோ மறைக்காதீர்கள்.

சூடான காற்று வீட்டின் மேல் பக்கமாக வெளியேற, அந்த இடத்தை நிரப்பக் குளிர்காற்று அடியில் உள்ள இடுக்குகள் வழியாக உள்ளே வரும். வீடே ஒரு புகைபோக்கி மாதிரிதான், அதன் அடியில் படுத்திருப்பது நாம். காற்று பலமாக அடிக்கும் நாளில் உலர்ந்த கையை ஜன்னல் ஓரம், வெளிச்சுவரில் உள்ள பிளக் பாயின்ட், ஃபர்னஸ் அறையில் கான்கிரீட் முடிந்து மரம் தொடங்கும் இடம் என்று ஒவ்வொன்றாக நீட்டிப் பாருங்கள், சில்லென்று படும். ஜன்னலுக்கு பிளாஸ்டிக் ஃபிலிம் ஒட்டலாம், ஆனால் தீப்பிடித்தால் வெளியே ஏற வேண்டிய ஜன்னலை மட்டும் அடைத்துவிடாதீர்கள். கான்கிரீட், மரம் சேரும் இடத்தை அடைப்பது வீட்டுக்காரர் வேலை.

மெத்தையை நேராகத் தரையில் போட்டுத் தூங்குவது நம் ஆட்களிடம் சாதாரணம். குளிர்ந்த தரையில் உடம்புச் சூடும் ஈரமும் இறங்கி, மெத்தையின் அடியில் பூஞ்சை பிடிக்கும். விலை குறைந்த கட்டிலாக இருந்தாலும் பரவாயில்லை, கீழே காற்றுப் போகட்டும். அலமாரியையும் வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரல் இடைவெளி விடுங்கள். துணியை உள்ளே காயப்போட்டால் ஈரம் இன்னும் கூடும். நடமாடும் இடத்தில் தடிப்பான கார்ப்பெட் ஒன்று விரித்தாலே அறை மாறிப்போனது போல் தெரியும்.

இதெல்லாம் செய்தும் போதவில்லையா, சரி, ஹீட்டர் வாங்குங்கள். கவிழ்ந்தால் தானாக அணைவதாகப் பாருங்கள். என்னைக் கேட்டால் எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் வகைதான் நல்லது, சத்தமில்லை, அணைத்த பிறகும் சூடு கொஞ்ச நேரம் நிற்கும். எக்ஸ்டென்ஷன் வயரில் போடவே கூடாது, நேராகச் சுவர் பிளக்கில்தான். படுக்கை, திரைச்சீலை எதுவும் 1 மீட்டருக்குள் இருக்கக் கூடாது. தூங்கும்போது அணைத்துவிடுங்கள். 1500 வாட் ஹீட்டர் 8 மணி நேரம் முழுவேகத்தில் ஓடினால் 12 யூனிட், பில் யார் கட்டுவது என்பதை முன்பே பேசிக்கொள்ளுங்கள். கேஸ் அடுப்பையோ ஓவனையோ திறந்துவைத்துக் குளிர்காய்வது, கரி மூட்டுவது, மறந்தும் வேண்டாம். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு வாசனையே கிடையாது. அதற்கான அலாரம் கீழே இல்லையென்றால் இன்றைக்கே கேளுங்கள்.

வீட்டுக்காரரிடம் "ரொம்பக் குளிருது" என்று மட்டும் சொன்னால், ஸ்வெட்டர் போடுங்கள் என்பார். ஒரு தெர்மாமீட்டரை வைத்து, காலையும் இரவும் தேதியோடு படம் எடுத்து அனுப்புங்கள். வாடகை வீட்டில் வெப்பம் இத்தனை டிகிரிக்குக் கீழே போகக் கூடாது என்று பல ஊர்களில் விதியே உண்டு. உங்கள் ஊரில் அது எவ்வளவு என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.