மனப்படிமத்தை மாற்றிப் பார்க்கப் பழகுவது எப்படி?

ஒரு கணக்கு பிடிபடாமல் பிள்ளைகள் திணறும்போது, "இன்னும் நன்றாக யோசி" என்றுதான் நாம் வழக்கமாகச் சொல்கிறோம். அந்தக் கணக்கை அவர்கள் மனத்தில் எந்த வடிவில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்டறிந்தால் அதைவிட அதிகப் பயன் கிடைக்கும் என்பது என் உறுதியான எண்ணம். வெளியே உள்ள ஒன்றுக்கு ஈடாக மனம் தனக்குள் அமைத்துக்கொள்ளும் அந்த வடிவத்தையே இங்கே மனப்படிமம் என்கிறேன். பார்ப்பதும் சிந்திப்பதும் அதன் வழியாகவே நடக்கின்றன. ஒரு தாளும் பேனாவும் இருந்தால் இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம்.

முதலில் பார்வையை எடுத்துக்கொள்ளுங்கள். கோடு போட்ட நோட்டுத் தாளில், ஒரு கோட்டின் மேல் இடப்பக்கம் சிறிய பெருக்கல் குறி ஒன்றைப் போட்டு, அதே கோட்டில் வலப்பக்கம் 8 சென்டிமீட்டர் தள்ளி, மிளகளவு கரும்புள்ளி ஒன்றை வையுங்கள். இடக்கண்ணை மூடிக்கொண்டு, வலக்கண்ணால் பெருக்கல் குறியை மட்டும் விடாமல் பார்த்தபடி, தாளை மெதுவாக முகத்தருகே கொண்டுவாருங்கள். ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் தொலைவில் புள்ளி மறைந்துவிடும். பார்வை நரம்பு கண்ணைவிட்டு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் இல்லை என்பதே இதற்குக் காரணம்; பிரெஞ்சு அறிவியலாளர் எட்மே மரியோட் 1660களில் கண்டறிந்த குருட்டுப்புள்ளி இதுதான். புள்ளி மறைந்த இடத்தில் என்ன தெரிகிறது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அங்கே ஓட்டையோ இருளோ தெரிவதில்லை. நோட்டுக் கோடு இடையில் அறுபடாமல் ஓடுவதுபோலத் தெரிகிறது. கண்ணிலிருந்து எந்தச் செய்தியும் வராத இடத்தையும் சுற்றியுள்ளதைக் கொண்டு நிரப்பியே மூளை நமக்குக் காட்சியைத் தருகிறது. அவசரப்பட வேண்டாம், பார்வை சற்று நகர்ந்தாலும் புள்ளி திரும்ப வந்துவிடும் என்பதால், இரண்டு மூன்று முறை முயன்றால்தான் இது வசப்படும்.

அடுத்து சிந்தனை. இதற்கு இருவர் வேண்டும். 1 முதல் 9 வரையுள்ள எண்களில் ஒவ்வொருவரும் மாறி மாறி ஒன்றைச் சொல்லி எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் எடுத்த எண்ணை மற்றவர் எடுக்கக் கூடாது. தன் எண்களில் ஏதேனும் மூன்றைக் கூட்டினால் சரியாக 15 வரும்படி யார் முதலில் சேர்க்கிறாரோ அவருக்கே வெற்றி. எழுதி வைக்காமல் ஆடிப் பாருங்கள். எதிராளி 2 எடுக்கிறார், நீங்கள் 5 எடுக்கிறீர்கள். அவர் 8 எடுக்கிறார். அடுத்து 4 கிடைத்தால் வெற்றி என்ற கணக்கில் நீங்கள் 6 எடுக்கிறீர்கள். அவர் 4 எடுத்து உங்களைத் தடுக்கிறார். இப்போது அவருக்கு 9 கிடைத்தாலும் வெற்றி, 3 கிடைத்தாலும் வெற்றி. உங்களால் ஒன்றைத்தான் தடுக்க முடியும். எந்த இடத்தில் தவறினோம் என்பதும் எளிதில் விளங்காது.

இப்போது அதே எண்களை மூன்று வரிசையாக எழுதுங்கள்.

2 7 6
9 5 1
4 3 8

படுக்கை, நெடுக்கை, மூலைவிட்டம் என எப்படிக் கூட்டினாலும் 15 வருகிறது. மூன்று வெவ்வேறு எண்களால் 15 சேர்க்கும் வழிகள் மொத்தம் 8. அந்த எட்டும் இந்தக் கட்டத்தின் எட்டுக் கோடுகளில் அடங்கிவிடுகின்றன. ஆகவே நீங்கள் ஆடியது, பள்ளியில் வட்டமும் பெருக்கலும் போட்டு விளையாடிய அதே ஒன்பது கட்ட ஆட்டம்தான். எதிராளி எதிரெதிர் மூலைகளைப் பிடித்திருக்க, நடுக்கட்டத்தை வைத்திருந்த நீங்கள் இன்னொரு மூலைக்குப் போனதே தோல்விக்குக் காரணம் என்பது இப்போது பார்த்தவுடனேயே தெரியும். விதி மாறவில்லை, எண்களும் மாறவில்லை. கூட்டல் கணக்காக இருந்த படிமம் இடங்களின் படிமமாக மாறியதும், மனம் செய்ய வேண்டிய வேலை குறைந்துவிட்டது.

இதைப் பழக்கமாக்கிக்கொள்ள, சிக்கலில் மாட்டும்போது முதலில் அதை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள்: சொற்றொடராகவா, எண்களாகவா, வரிசையாகவா, வரைபடமாகவா? பிறகு, நீங்கள் தேடும் உறவு கண்ணுக்குத் தெரியும்படியான வேறொரு வடிவுக்கு அதை மாற்றுங்கள். பழைய தமிழ் எண்முறையில் 48 என்பது ௪௰௮ (நான்கு, பத்து, எட்டு) என்று, நாம் உச்சரிக்கும் வரிசையிலேயே எழுதப்பட்டது. வாசிக்க அது இயல்பானது. ஆனால் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்துக் கூட்டவும் பெருக்கவும் இடமதிப்பு முறையே கை கொடுக்கிறது. எந்த வேலைக்கு எந்த வடிவம் என்பதைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும்.

படிமம் என்றதும் மனத்திரையில் படம் ஓட வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். கண்ணை மூடினால் எந்தக் காட்சியும் தோன்றாதவர்கள் இருக்கிறார்கள். நரம்பியல் மருத்துவர் ஆடம் ஸீமனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2015இல் அந்நிலைக்கு அஃபண்டேசியா என்று பெயரிட்டனர். அப்படிக் காட்சி தோன்றாதவர்களும் வழி கண்டுபிடிக்கிறார்கள், கணக்குப் போடுகிறார்கள். உங்களுக்கும் அப்படியானால், மனத்தில் வரைய முயன்று சோர்ந்து போகாமல், மேலே உள்ள கட்டத்தைத் தாளில் எழுதி, எதிரே வைத்துக்கொண்டே ஆடுங்கள்.