வெளிநாட்டுப் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிப்பது எப்படி

கொரியா நூடுல்ஸ், துருக்கி அத்திப்பழம், பெல்ஜியம் சாக்லேட் என்று எதைக் கையில் எடுத்தாலும் முதலில் திருப்புங்கள். பின்பக்கத்தில் தனியாக ஒட்டிய ஒரு சின்ன ஸ்டிக்கர், பெரும்பாலும் வெள்ளை நிறத்தில், இருக்க வேண்டும். இந்தப் பொருளுக்கு இந்தியாவில் பதில் சொல்ல வேண்டியவர் யார் என்பது அதில்தான் இருக்கிறது. சியோலில் இருக்கும் கம்பெனியை ஈரோட்டிலிருந்து பிடித்துக் கேள்வி கேட்க முடியாது. இறக்குமதி செய்தவரைக் கேட்க முடியும்.

அந்த ஸ்டிக்கரில் தேட வேண்டியவை: இறக்குமதியாளரின் பெயரும் முழு முகவரியும், எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம்) சின்னமும் 14 இலக்க உரிம எண்ணும், சைவ அல்லது அசைவக் குறி, ரூபாயில் எம்.ஆர்.பி., புகார் சொல்ல ஒரு தொலைபேசி எண் அல்லது மின்னஞ்சல். தயாரான நாட்டின் பெயர் அச்சிலோ ஸ்டிக்கரிலோ கட்டாயம் இருக்கணும். விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருக்க வேண்டும் என்பது சட்டம். முழுக்கக் கொரிய எழுத்தோ தாய் எழுத்தோ மட்டும் உள்ள பாக்கெட் முறைப்படி உள்ளே வந்ததாக இருக்காது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 2017-இல் வந்த இறக்குமதி ஒழுங்குமுறைப்படி, துறைமுகத்துக்கு வந்த பிறகு ஸ்டிக்கர் ஒட்டிச் சரிசெய்ய அனுமதிக்கப்படுபவை சிலவே: இறக்குமதியாளர் முகவரி, உரிம எண், சைவ அசைவக் குறி போன்றவை. தயாரித்த தேதி, காலாவதி தேதி, பேட்ச் எண் ஆகியவற்றை அப்படி ஒட்டிச் சரிசெய்ய முடியாது. ஸ்டிக்கர் மூல லேபிளில் உள்ள விவரத்தை மறைக்கவும் கூடாது. ஆகவே காலாவதி தேதியின் மேல் ஸ்டிக்கர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பாக்கெட்டை அலமாரியிலேயே விட்டுவிடுங்கள். தேதி அச்சான இடத்தை விரலால் தடவியும் பாருங்கள். தின்னர் போட்டு அழித்த இடம் மங்கலாகவோ, சுற்றியுள்ள அச்சு கலைந்தோ தெரியும். பேட்ச் எண்ணும் தேதியும் வழக்கமாக ஒரே இயந்திரத்தில் ஒரே மையில் அடிக்கப்படும். இரண்டின் எழுத்தும் வேறு வேறாக இருந்தால் யோசியுங்கள். அட்டைப்பெட்டிக்குள் தனித்தனிப் பாக்கெட் இருந்தால் இரண்டிலும் உள்ள தேதியை ஒப்பிடுங்கள்.

உரிம எண்ணைச் சோதிப்பது

14 இலக்கத்தில் முதல் இலக்கம் 1 என்றால் உரிமம். 2 என்றால் சிறு வியாபாரிக்குத் தரும் பதிவு. அடுத்த இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிப்பவை. தமிழ்நாட்டுக்கு 24, மத்திய உரிமத்துக்கு 00. இறக்குமதி செய்பவர் எவ்வளவு சிறியவரானாலும் மத்திய உரிமம் எடுத்தாக வேண்டும். அப்படியானால் ஸ்டிக்கரில் உள்ள எண் 100 என்று தொடங்க வேண்டும். 124 என்று தொடங்கினால் அது கடைக்காரருடையதாகவோ பொட்டலம் போட்டவருடையதாகவோ இருக்கலாம், இறக்குமதியாளருடையது ஆகாது.

எண் சரியாகத் தொடங்கினால் மட்டும் போதாது, எதையாவது பார்த்து எழுதியும் இருக்கலாம். கைபேசியில் 'ஃபுட் சேஃப்டி கனெக்ட்' செயலியைத் திறந்து எண்ணை அடியுங்கள். வரும் பெயரும் ஊரும் ஸ்டிக்கரில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை.

பார்கோடை நம்பி நாட்டைத் தீர்மானிக்காதீர்கள். 890 என்றால் இந்தியா, 690 முதல் 699 வரை சீனா, 880 கொரியா, 885 தாய்லாந்து என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் பட்டியல் எண்களைப் பொறுத்தவரை சரிதான். ஆனால் அந்த எண்ணை எந்த நாட்டு அலுவலகம் வழங்கியது என்பதை மட்டுமே அது சொல்லும். பொருள் எங்கே தயாரானது என்பதைச் சொல்லாது.

பெட்டியில் வந்த சரக்கு

கோவைக்கு ஷார்ஜாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் நேரடி விமானம் வருகிறது. மாமாவோ சித்தப்பாவோ வரும்போது கொண்டு வரும் சாக்லேட்டுக்கும் பால்பவுடருக்கும் இந்த லேபிள் விதி எதுவும் கிடையாது, அது சொந்த உபயோகத்துக்கு. அதே சரக்கு கடைக்கு வந்து விலை போட்டு விற்கப்படும்போதுதான் சிக்கல். அது எந்த வெயிலில் எத்தனை நாள் கிடந்தது என்று தெரியாது. எந்தச் சோதனைக்கும் போகாதது. ரூபாய் விலை இருக்காது, திராமிலோ டாலரிலோ ஒரு சின்ன விலைச்சீட்டு ஒட்டியிருக்கும். கடைக்காரரிடம் சண்டை வேண்டாம். "ஏனுங்கண்ணா, இதுல இறக்குமதி பண்ணுனவங்க ஸ்டிக்கர் காணோமுங்களே, பில்லுல பேரு போட்டுத் தருவீங்ளா?" என்று கேளுங்கள். தயங்கினால் பதில் கிடைத்துவிட்டது.

சீனாவில் தயாரான பால்பொருளும், பால் சேர்ந்த சாக்லேட், மிட்டாயும் இருந்தால் ஸ்டிக்கரைக்கூடத் தேட வேண்டாம். பாலில் மெலமைன் என்ற ரசாயனம் கலந்தது வெளிவந்த 2008 முதல் அவற்றின் இறக்குமதிக்கே இங்கே தடை.

தேதி: ஆளை ஏமாற்றுவது இதுதான்

05/08/2026 என்று அமெரிக்கப் பாக்கெட்டில் இருந்தால் அது மே 8. நம் கண்ணுக்கு ஆகஸ்ட் 5. மூன்று மாதம் கெட்டுப்போன பொருளை நல்லது என்று நம்பிச் சாப்பிட இது போதும். எது மாதம் என்று கண்டுபிடிக்க, அதே பாக்கெட்டிலோ பக்கத்துப் பாக்கெட்டிலோ 12-ஐத் தாண்டிய எண் எந்த இடத்தில் வருகிறது என்று பாருங்கள். 11/20/2025 என்று ஒரு தேதி இருந்தால் முதலில் வருவது மாதம் என்பது உறுதி.

கொரியா, ஜப்பான், சீனப் பொருட்களில் ஆண்டுதான் முதலில் வரும். 26.08.27 என்றால் அங்கே 2026 ஆகஸ்ட் 27. நாம் 2027 ஆகஸ்ட் 26 என்று படிப்போம். ஒரு வருட வித்தியாசம். தாய்லாந்தில் பௌத்த ஆண்டு போடும் பழக்கம் உண்டு, அதில் 543-ஐக் கழிக்க வேண்டும்: 2569 என்றால் 2026. சில சீனப் பாக்கெட்டுகளில் தயாரித்த தேதி மட்டும் இருக்கும், காலாவதி இருக்காது. "18 மாதம்" என்று வேறு மூலையில் எழுதியிருப்பார்கள், கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். மலேசியப் பாக்கெட்டில் 'தாரிக் லுப்புட்' என்று வந்தால் காலாவதித் தேதி.

இன்னொன்றும் கவனியுங்கள். சுங்கத்தில் விடுவிக்கும் நாளில் பொருளின் ஆயுளில் 60 சதவீதமோ அல்லது மூன்று மாதமோ, இரண்டில் எது குறைவோ, அவ்வளவாவது மீதி இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது இரண்டு வருட ஆயுள் உள்ள பொருள், மூன்று மாதம் மட்டுமே மிச்சமிருக்கும்போதும் சட்டப்படி உள்ளே வரலாம். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்று குவித்திருக்கும் வெளிநாட்டுப் பொருளில் தேதியை இரண்டு தடவை பாருங்கள்.

சைவம் என்று எதை நம்புவது

புரட்டாசி சனிக்கிழமை விரதம் இருக்கிற வீட்டில் இது பெரிய விஷயம். பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம் சைவம். பழுப்புச் சதுரத்துக்குள் பழுப்பு முக்கோணம் அசைவம். இந்தக் குறி இல்லாமல், ஆங்கிலத்தில் 'வெஜிடேரியன்' என்று மட்டும் எழுதியிருந்தால் நம்பாதீர்கள். மேல்நாட்டுக் கணக்கில் முட்டையும் சைவத்தில் சேர்த்தி. நம் சட்டத்தில் முட்டை அசைவம். 'ஹலால்' என்ற முத்திரையும் சைவத்துக்கான உறுதி கிடையாது.

உட்பொருள் பட்டியலில் ஜெலட்டின், மீன் சாஸ், இறால் பொடி என்று வெளிப்படையாக இருந்தால் எளிது. எண்ணாக ஒளிந்திருப்பவை: இ120 என்பது ஒரு பூச்சியிலிருந்து எடுக்கும் சிவப்புச் சாயம், இ904 அரக்கு, அதுவும் பூச்சியிலிருந்து வருவதுதான், இ471 தாவரக் கொழுப்பிலிருந்தும் வரலாம், விலங்குக் கொழுப்பிலிருந்தும் வரலாம். பார்மேசான் பாலாடைக்கட்டியை மரபு முறையில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டுதான் உறைய வைக்கிறார்கள். 'மைக்ரோபியல் ரென்னெட்' (நுண்ணுயிரியிலிருந்து எடுப்பது) என்று எழுதிய கட்டி வாங்கலாம்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. வேர்க்கடலை, பால், முட்டை, மீன், சோயா, கோதுமை போன்றவற்றைத் தனியாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்பது நம் விதியிலும் உண்டு. எள் அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவில் 2023 ஜனவரி 1 முதல் எள்ளும் கட்டாயம். எள் ஒத்துக்கொள்ளாதவர்கள் மேற்காசிய ஹம்மஸ், தஹினி வாங்கும்போது எச்சரிக்கை வாக்கியத்தை மட்டும் நம்பாமல் உட்பொருள் பட்டியலை முழுக்கப் படியுங்கள்.

உப்பைக் கணக்கிட, சோடியத்தை 2.5-ஆல் பெருக்குங்கள். ஒரு பாக்கெட் நூடுல்ஸில் சோடியம் 1,600 மில்லிகிராம் என்றால் உப்பு 4 கிராம். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எண் 'ஒரு தடவைக்கு' என்று போட்டிருந்தால், பாக்கெட்டில் எத்தனை தடவை என்பதையும் பாருங்கள். அரைப் பாக்கெட்டை ஒரு தடவையாகக் கணக்குப் போடும் கம்பெனிகள் உண்டு.

குழந்தைப் பால்பவுடர்

வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டு வந்த டப்பாவில் பெரிய ஆபத்து கரண்டியில் இருக்கிறது. அமெரிக்க டப்பாவில் பொதுவாக ஒரு கரண்டிக்கு 60 மில்லி தண்ணீர். இங்கே பொதுவாக 30 மில்லி. அமெரிக்கக் கரண்டியை நம் பழக்கத்தில் 30 மில்லிக்குப் போட்டால் பால் இரு மடங்கு கெட்டியாகி, குழந்தையின் உடம்பில் நீர் குறைந்து, சிறுநீரகத்துக்குச் சுமை ஏறும். மாற்றிச் செய்தால் பால் பாதியாய் நீர்த்துப்போய்ச் சத்து சேராது. ஒரு டப்பாவின் கரண்டியை இன்னொன்றுக்குப் போடவே கூடாது. திறந்த டப்பா ஒரு மாதத்துக்கு மேல் வேண்டாம்.

பழம், பருப்பு, எண்ணெய்

ஆப்பிள் மேல் உள்ள ஸ்டிக்கரில் நான்கு இலக்க எண் இருந்தால் சாதாரண விளைச்சல். 9-ஐ முன்னால் சேர்த்து ஐந்து இலக்கமானால் இயற்கை முறை. 8 என்று தொடங்கினால் மரபணு மாற்றியது என்று வரும் செய்தியை விடுங்கள், கடைகளில் அந்த எண் புழக்கத்துக்கு வரவேயில்லை. நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக வருவது மெழுகு. தேன்மெழுகு, கார்னாபா, அரக்கு ஆகியவற்றுக்கு அனுமதி உண்டு. வெதுவெதுப்பான நீரில் கழுவித் துணியால் அழுத்தித் துடைத்தால் பெரும்பகுதி போய்விடும். பூச்சிமருந்தின் மிச்சத்தை வீட்டில் கண்டுபிடிக்க வழி கிடையாது.

உதிரியாக விற்கும் பாதாம், பிஸ்தா, பேரீச்சம்பழத்தில் கவலை அதிகம். மூட்டையில் வந்ததை இங்கே பிரித்துப் பொட்டலம் போடும்போது 'பாக் செய்த தேதி' புதிதாக வந்துவிடும், விளைந்த காலம் மறைந்துவிடும். பொட்டலம் போட்டவரின் பெயரும் உரிம எண்ணும் இல்லாததை வாங்க வேண்டாம். பூஞ்சை படிந்த, கசக்கிற, சிக்கு வாடை அடிக்கிற பருப்பைப் பொறுக்கி எறியுங்கள். பூஞ்சை விடும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு நம் அடுப்பில் வறுப்பதால் அழியாது.

ஆலிவ் எண்ணெயில் 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்பது நம் செக்கெண்ணெய் மாதிரி. 'போமஸ்' என்பது புண்ணாக்கில் சால்வென்ட் விட்டு எடுக்கிற எண்ணெய் மாதிரி. இரண்டுக்கும் ஒரே விலை கொடுக்காதீர்கள்.

உப்பிய டின், மூட்டு மடிந்து நசுங்கிய டின் இரண்டையும் வாங்காதீர்கள். உப்பிய டின்னை ருசி பார்க்கவும் கூடாது. உறைந்த பாக்கெட்டுக்குள் பனிக்கட்டி திரண்டிருந்தால், உருகி மறுபடி உறைந்தது என்று அர்த்தம். சித்திரை வெயிலில் இது சாதாரணமாக நடக்கிறது. சாக்லேட்டின் மேல் வெள்ளையாகப் பூத்திருப்பது மட்டும் கெடுதல் இல்லை, சூட்டில் கொழுப்பு மேலே வந்ததுதான்.

புகார் சொல்வது

பாக்கெட்டைத் தூக்கி எறியாதீர்கள், கடைக்கும் திருப்பித் தராதீர்கள். முன்பக்கம், பின்பக்கம், ஸ்டிக்கர், பேட்ச் எண், தேதி என்று தனித்தனியாகப் படம் எடுங்கள். மிச்சத்தை அதே பாக்கெட்டில் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள். பில் அவசியம். உடம்புக்கு முடியாமல் போயிருந்தால் மருத்துவரின் சீட்டும் வேண்டும்.

தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. இலவச எண் 1800 11 2100. எழுத்தில் தருவதானால் உணவுப் பாதுகாப்புத் துறையின் மாவட்ட நியமன அலுவலருக்கு எழுதுங்கள். கடையின் பெயர், வாங்கிய நாள், பேட்ச் எண், என்ன குறை என்று நான்கு வரி போதும். "தரமில்லை" என்று மட்டும் எழுதினால் நகராது. "இறக்குமதியாளர் முகவரி இல்லை, காலாவதி தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டப்பட்டுள்ளது" என்று எழுதினால் அதிகாரி எதைப் பிடிக்க வேண்டும் என்று தெரியும். தவறான லேபிளுக்கு 3 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடமிருக்கிறது.

சந்தேகப்பட்ட பொருளை நீங்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கவும் அதே சட்டத்தின் 40-ஆம் பிரிவு வழி விடுகிறது. கோவையிலும் சேலத்திலும் அரசு ஆய்வகம் உண்டு. வாங்கும்போதே "சோதனைக்குக் கொடுக்கப் போறனுங்க" என்று கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அதில் நிபந்தனை. விதிமீறல் என்று அறிக்கை வந்தால் கட்டிய கட்டணம் திரும்பக் கிடைக்கும்.

எம்.ஆர்.பி. இல்லை, எடை குறைவு, பணம் திருப்பித் தரவில்லை என்பதற்கு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நஷ்டஈடு வேண்டுமானால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு வருடத்துக்குள் மனு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. எதிர்த்தரப்பாகக் கடையை மட்டும் போடாமல், ஸ்டிக்கரில் உள்ள இறக்குமதியாளரையும் அதே முகவரியோடு சேர்த்துப் போடுங்கள்.