தேயிலைத் தோட்டப் பாடசாலையில் செய்முறை விஞ்ஞான நாள் நடத்துவது எப்படி?

கனடாவில் போனி ஷ்மிட் 1993இல் தொடங்கிய ‘லெட்ஸ் டாக் சயன்ஸ்’ அமைப்பின் சார்பில், பல்கலைக்கழக மாணவர்கள் தொண்டர்களாகப் பாடசாலைகளுக்குச் சென்று, பிள்ளைகளைக் கொண்டே பரிசோதனைகளைச் செய்விக்கிறார்கள். அவ்வமைப்பின் ‘டொமேட்டோஸ்பியர்’ திட்டத்தில், விண்வெளிக்குச் சென்று வந்த தக்காளி விதைகளும் செல்லாதவையும் தனித்தனிப் பொதிகளில் வகுப்பறைகளுக்கு வருகின்றன. எது எந்தப் பொதி என்பது, முளைத்தவற்றை எண்ணிப் பிள்ளைகள் முடிவை அனுப்பிய பின்னரே தெரிவிக்கப்படுகிறது. இலங்கையின் மலையகத்தில் இத்தகைய நாளொன்றை நடத்த விரும்புவோர், விடையை முன்கூட்டிச் சொல்லாத இந்த ஒழுங்கையே முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பரிசோதனைக்குத் தேயிலைக் கொழுந்தே போதும். அண்மையில் மருந்து தெளிக்காத தேயிலை மலையிலிருந்து கொழுந்து பறித்து, மூன்று பங்காக்குங்கள். முதற்பங்கை அப்படியே வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். இரண்டாவதைச் சாறு கசியும்வரை உள்ளங்கைகளில் கசக்கச் சொல்லுங்கள். மூன்றாவதைப் பெரியவர் ஒருவர் இட்லிச் சட்டியில் சில நிமிடங்கள் ஆவியில் வேகவைத்து, ஆறிய பின் பிள்ளைகளிடம் கசக்கக் கொடுக்கட்டும். எந்தத் தட்டு நிறம் மாறும், ஏன் என்பதை ஒவ்வொரு பிள்ளையும் கொப்பியில் எழுதிய பின்னரே காத்திருப்பு தொடங்க வேண்டும். சிறிது நேரத்தில், வேகவைக்காமல் கசக்கிய கொழுந்து செம்பு நிறமாக மாறும். வேகவைத்தது கசக்கிய பின்னும் பச்சையாகவே இருக்கும். கசக்கும்போது கலங்கள் உடைந்து, அவற்றிலுள்ள நொதியம் (தாக்கத்தை விரைவுபடுத்தும் புரதம்) இலையின் பொலிபீனோல்கள் எனும் சேர்மங்களோடும் காற்றிலுள்ள ஒட்சிசனோடும் சேர்கிறது. ஆவியின் வெப்பம் அந்நொதியத்தைச் செயலிழக்கச் செய்துவிடுகிறது. இதை விளக்கத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலைசெய்து ஓய்வுபெற்ற ஒருவரை அழைப்பதே மிகச் சிறந்தது. தம் அப்பாவோ தாத்தாவோ நாள்தோறும் பார்த்த வேலை விஞ்ஞானம்தான் என்பதைப் பிள்ளைகள் அவர் வாயால் கேட்கட்டும்.

வழிநடத்துவதற்கு, விடுமுறையில் ஊர் வந்திருக்கும் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களையும் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியின் ஆசிரிய மாணவர்களையும் அணுகலாம். ஐந்து பிள்ளைகளுக்கு ஒருவர் வேண்டும். அதற்கு மேற்பட்டால் பின்னால் நிற்கும் பிள்ளை வெறுமனே வேடிக்கை பார்க்கும். புகையும் வெடிச்சத்தமும் காட்டிக் கைதட்டல் வாங்கும் நிகழ்ச்சிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெற்றோரும் வரவேண்டுமாயின், அவர்களுக்கு வேலையில்லாத நாளையே தெரிவுசெய்யுங்கள்.

இரண்டாம் வருகைக்குக் கொதிநீரை வைத்துக்கொள்ளலாம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் நீர் சுமார் 94 பாகை செல்சியசிலேயே கொதிக்கிறது. பாடநூலில் 100 என்று படித்த பிள்ளைகள் வெப்பமானியைச் சந்தேகிப்பார்கள்; வேறொரு வெப்பமானியாலும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அடுப்பருகே பெரியவர் மட்டுமே நிற்க வேண்டும். அந்த வருகைக்கான திகதியை முதல் நாளிலேயே அதிபருடன் பேசி உறுதிசெய்து, பிள்ளைகள் எழுதிய கொப்பிகளை விஞ்ஞான ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்படுங்கள்.