சிக்கன் சாஸேஜ் கம்போ: மாவு கறுக்கணும், தீயக்கூடாது

கம்போ என்கிற அமெரிக்கச் சூப்பை முதல்முறை செய்கிறவர்கள் சிக்கனில் கோட்டை விடுவதில்லை, காரத்திலும் விடுவதில்லை. மைதாவை எண்ணெயில் வறுப்பதில்தான் விடுகிறார்கள். பயந்துபோய் பத்தே நிமிடத்தில் அடுப்பை அணைத்தால் வெளிறிய மாவுக்கஞ்சிதான் கிடைக்கும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் தீய்ந்து கசக்கும். நாற்பது நிமிடம் அடுப்பை விட்டு நகராமல் நிற்க முடிந்தால், மிச்சமெல்லாம் அன்றாடம் வைக்கிற குழம்பு வேலைதான்.

இது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துச் சாப்பாடு. 2004-இல் அந்த மாநிலம் கம்போவைத் தன் அதிகாரபூர்வ உணவாகவே அறிவித்தது. பெயர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்தது. அவர்கள் மொழியில் அது வெண்டைக்காயைக் குறித்த சொல். பிரெஞ்சில் இன்றைக்கும் வெண்டைக்காய்க்கு ‘கோம்போ’ என்றுதான் பெயர். மாவைக் கொழுப்பில் வறுக்கிற முறை பிரெஞ்சுக்காரர்களுடையது. நோவா ஸ்கோஷியாவில் வாழ்ந்த பிரெஞ்சு பேசும் அக்காடியன் மக்களை 1755-இல் பிரிட்டிஷார் விரட்டத் தொடங்கினார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் லூசியானாவில் வந்து குடியேற, ‘அக்காடியன்’ வாயில் தேய்ந்து ‘கேஜன்’ ஆயிற்று. நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ‘கிரியோல்’ வகைக் கம்போவில் இறால், நண்டு, சில வீடுகளில் தக்காளியும் சேரும். கேஜன் நாட்டுப்புறத்தில் பெரும்பாலும் கோழியும் புகையூட்டிய சாஸேஜும்தான், தக்காளி கிடையாது. இங்கே செய்யப்போவது இந்த இரண்டாவது வகை. ஆறு பேருக்குத் தாராளமாக வரும். மூன்று மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

என்னென்ன வேண்டும்

எலும்போடு கூடிய சிக்கன் தொடையும் காலும் ஒரு கிலோ. நெஞ்சுக்கறி வேண்டாம், சக்கையாகிவிடும். புகையூட்டிய சாஸேஜ் 400 கிராம். லூசியானாவில் ‘அண்டூயி’ என்ற பன்றி இறைச்சி சாஸேஜைப் போடுவார்கள்: கொரகொரப்பாக அரைத்தது, பூண்டும் மிளகும் தூக்கலாக இருக்கும், புகை வாசம் பலமாக அடிக்கும். அது கிடைக்காவிட்டால் புகையூட்டிய எந்தத் தடித்த சாஸேஜும் ஆகும். சிக்கன் சாஸேஜ் என்றாலும் சரி. ஹாட் டாக்குக்கு வைக்கிற வழவழ சாஸேஜ் மட்டும் வேண்டாம். ஒரு மணி நேரக் கொதியில் ஊறி ரப்பர் போல ஆகிவிடும்.

ரூவுக்கு (விலைச்சீட்டில் வரும் ரூ அல்ல, வறுத்த மாவுக்குப் பிரெஞ்சுப் பெயர்) மைதா முக்கால் கப், அதாவது சுமார் 95 கிராம்; எண்ணெய் முக்கால் கப், அதாவது 180 மில்லி. சூரியகாந்தி எண்ணெயோ ரீஃபைண்ட் கடலை எண்ணெயோ எடுங்கள். வெண்ணெயில் இருக்கும் பால்சத்து இந்த நிறம் வருவதற்குள் கருகிவிடும். நல்லெண்ணெயின் வாசம் எல்லாவற்றையும் அமுக்கிவிடும். கோதுமை மாவும் ஒத்துவராது. அதிலுள்ள தவிடு முதலில் தீய்ந்து கரும்புள்ளியாக நிற்கும்.

காய்கறி: பெரிய வெங்காயம் 2, பச்சைக் குடைமிளகாய் 1, செலரித் தண்டு 3. இந்த மூன்றையும் ‘புனித மூவர்’ என்பார்கள். நமக்கு வெங்காயம், தக்காளி, இஞ்சி-பூண்டு எப்படியோ அப்படி. எல்லாவற்றையும் பொடியாக, கடலைப் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக நறுக்குங்கள். பூண்டு 6 பல், தனியே நறுக்கி வையுங்கள்.

மசாலா கொஞ்சம்தான்: காய்ந்த தைம் ஒரு டீஸ்பூன், மிளகுத்தூள் ஒரு டீஸ்பூன், கேயென் மிளகாய்த்தூள் அரை டீஸ்பூன், பே இலை 2. கேயெனுக்குப் பதில் தனி மிளகாய்த்தூள் போடலாம். குழம்பு மிளகாய்த்தூளை எடுத்துவிடாதீர்கள். மல்லி வாசம் வந்தால் அது கம்போ இல்லை. பே இலை என்பது நம் பிரிஞ்சி இலை அல்ல. பிரிஞ்சி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசம் வரும். பே இலைக்கு நடுநரம்பு ஒன்றுதான். கிடைக்காவிட்டால் இரண்டையும் விட்டுவிடுங்கள், குறையே தெரியாது.

கடைசியாகத் தூவ வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி, பார்ஸ்லி கொஞ்சம். வெண்டைக்காய் 250 கிராம், விருப்பம்போல.

முதலில் சாறு

சிக்கன் துண்டுகளை இரண்டரை லிட்டர் தண்ணீரில் போட்டு, செலரியின் நுனித் தழையும் ஒரு வெங்காயப் பாதியும் சேர்த்து மிதமாகக் கொதிக்கவிடுங்கள். மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். நாற்பது நிமிடத்தில் கறி எலும்பை விட்டு நழுவும். கறியைப் பிய்த்துத் தனியே மூடி வைத்துவிட்டு, எலும்பை மறுபடி அதே தண்ணீரில் போடுங்கள். நீங்கள் ரூ கிளறுகிற நேரம் முழுக்க அது பக்கத்து அடுப்பில் கொதிக்கட்டும். வடிகட்டினால் சுமார் இரண்டு லிட்டர் வர வேண்டும். குறைந்தால் வெந்நீர் விட்டு நிரவுங்கள். உப்பு இப்போது வேண்டாம். சாஸேஜிலேயே நிறைய இருக்கிறது.

சாஸேஜ்

அரை சென்டிமீட்டர் வில்லைகளாக வெட்டி, அடிகனமான ஐந்து லிட்டர் பாத்திரத்தில் மிதமான தீயில் ஏழெட்டு நிமிடம் இரண்டு பக்கமும் சிவக்க விட்டு எடுங்கள். இறங்கிய கொழுப்பை வடிகட்டி அளவுக் கோப்பையில் ஊற்றி, 180 மில்லி வரும்வரை எண்ணெய் சேருங்கள். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் துணுக்குகளைத் துடைத்துவிட வேண்டும். சோம்பல்பட்டு விட்டால் அவையே ரூவில் முதலில் கருகும்.

இனி ரூ

வெங்காயம், செலரி, குடைமிளகாய், பூண்டு நான்கும் நறுக்கி அடுப்புக்குப் பக்கத்தில் வந்தாயிற்றா? போனைச் சத்தமில்லாமல் வைத்தாயிற்றா? அதற்கப்புறம் அடுப்பைப் பற்றவையுங்கள். நடுவில் கதவைத் திறக்கப் போனீர்களானால் கதை முடிந்தது.

பாத்திரம் கனமான இரும்போ எவர்சில்வரோ இருக்கட்டும். கரண்டி முனை தட்டையான மரத்துடுப்பாக இருக்க வேண்டும். வளைந்த கரண்டி பாத்திரத்தின் மூலையைத் தொடாது, மாவு தீய்வதும் அந்த மூலையில்தான். சின்னப் பிள்ளைகளைச் சமையலறைக்கு வெளியே அனுப்பிவிடுங்கள். ரூ கொதிக்கிற தண்ணீரைவிட வெகு சூடானது, மேலே தெறித்தால் ஒட்டிக்கொண்டு சுடும். லூசியானா சமையல்காரர்கள் இதைக் ‘கேஜன் நேபாம்’ (நேபாம் என்பது போரில் வீசும், ஒட்டிக்கொண்டு எரிகிற தீக்குண்டு) என்று சொல்வது சும்மா இல்லை. ருசி பார்க்க நாக்கைக் கொண்டுபோகாதீர்கள்.

எண்ணெயை மிதமான தீயில் மூன்று நிமிடம் காயவிட்டு, மைதாவை மூன்று தவணையாகத் தூவிக் கட்டியில்லாமல் கலக்குங்கள். பிறகு தீயை மிதத்துக்கும் சிம்முக்கும் நடுவில் வைத்துக் கிளறிக்கொண்டே இருங்கள். அல்வா கிளறியவர்களுக்குக் கை தானாக வரும். ஆனால் அல்வா போகப் போக இறுகும்; ரூ போகப் போக இளகும். முதலில் ஈர மணல் போல இருப்பது அரை மணி நேரத்தில் நெய் போல ஓடும். பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும்.

கடிகாரத்தை நம்பாமல் நிறத்தையும் வாசத்தையும் பாருங்கள். ஐந்தாவது நிமிடம் நுரைத்து வெள்ளையாக இருக்கும், பச்சை மாவு வாசம் அடிக்கும். பத்தில் சந்தன நிறம். இருபதில் நாட்டுச்சர்க்கரை நிறம். வறுத்த வேர்க்கடலை வாசம் வரும். பலர் இங்கேயே திருப்திப்பட்டு நிறுத்திவிடுகிறார்கள். முப்பதில் புதுச் செப்புக்காசு. இதற்குப் பிறகுதான் ஆபத்தான பத்து நிமிடம்: அதுவரை மெதுவாக மாறிய நிறம் கிடுகிடுவென்று ஓடும். லேசாகப் புகை எழுந்தால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து தூக்கி, கிளறிக்கொண்டே ஒரு நிமிடம் ஆறவிட்டு மறுபடி வையுங்கள். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடத்தில் கருப்பட்டி நிறமும் காபிக்கொட்டை வறுபடுகிற வாசமும் வந்தால் சரி. அதற்கு ஒரு படி முன்பே காய்கறிக்குக் கை போய்விட வேண்டும். சூடான பாத்திரத்தில் ரூ தானாகவே இன்னும் கொஞ்சம் கறுக்கும்.

கரும்புள்ளிகள் தெரிகின்றனவா, மூக்கில் காரமான தீய்ந்த நெடி ஏறுகிறதா? கொட்டிவிட்டுப் புதிதாக ஆரம்பியுங்கள். மனசு கேட்காது, இருந்தாலும் கொட்டத்தான் வேண்டும். 95 கிராம் மைதாவுக்காக ஒரு கிலோ சிக்கனையும் கசக்க வைக்க வேண்டாம். (கொட்டும் முன் நன்றாக ஆறவிடுங்கள், பிளாஸ்டிக் குப்பைப்பை ஓட்டையாகிவிடும்.)

ஒரு சந்தேகம் எல்லோருக்கும் வரும்: இவ்வளவு மாவு போட்டும் கம்போ ஏன் கெட்டியாகவில்லை? அதிக நேரம் வறுபடும்போது மாவிலுள்ள ஸ்டார்ச் உடைந்துவிடுகிறது. நிறம் ஏற ஏற ருசி கூடும், கெட்டியாக்கும் சக்தி குறையும். இந்தக் கம்போ ரசத்துக்கும் சாம்பாருக்கும் நடுவில் இருக்க வேண்டியது. கெட்டி போதவில்லை என்று கடைசியில் சோளமாவு கரைத்து ஊற்றாதீர்கள்.

நாற்பது நிமிடம் நிற்க முடியாதவர்களுக்கு ஓவன் முறை உண்டு: அதே அளவு மாவையும் எண்ணெயையும் இரும்புப் பாத்திரத்தில் கலந்து 175 டிகிரி செல்சியஸில் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம், இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கிளறி வைக்கலாம். தீய்கிற பயம் குறைவு.

மூவரும் சாறும் சேரும்போது

வெங்காயத்தை மொத்தமாகக் கொட்டுங்கள். ‘ஸ்ஸ்’ என்று ஆவி முகத்துக்கு வரும், தள்ளி நில்லுங்கள். வெங்காயத்தின் ஈரம்தான் ரூவுக்கு பிரேக். மூன்று நிமிடம் கழித்து செலரியும் குடைமிளகாயும். ஐந்தாறு நிமிடம் வதங்கட்டும். பூண்டு கடைசி ஒரு நிமிடம். இப்போது எல்லாம் சேர்ந்து கறுத்த களிமண் போலத் தெரியும். இதுதான் பக்குவம்.

சாறு கொதிநிலையில் வேண்டாம், வெதுவெதுப்பாகப் போதும். ஒரு கரண்டி விட்டு முழுக்கக் கலந்த பிறகு அடுத்த கரண்டி. நான்கைந்து கரண்டி சேர்ந்து வழவழவென்று ஆனபின் மிச்சத்தை ஊற்றலாம். ஒரேயடியாகக் கொட்டினால் மாவு திரிதிரியாகப் பிரிந்து எண்ணெய் தனியே நிற்கும். அப்படி ஆகிவிட்டால் தீயைக் கூட்டித் தளதளவென்று கொதிக்க வைத்து, விஸ்கால் (கம்பி மத்து) அடியுங்கள், பெரும்பாலும் சேர்ந்துவிடும்.

சாஸேஜ், தைம், மிளகுத்தூள், மிளகாய்த்தூள், பே இலை, ஒரு டீஸ்பூன் உப்பு. மூடியைப் பாதி திறந்து, சிறு தீயில் ஒரு மணி நேரம். அரை மணி கழித்து மேலே எண்ணெய் மிதக்கும். அது தவறல்ல, கரண்டியால் வழித்து எடுங்கள். பிய்த்த சிக்கன் கடைசி பதினைந்து நிமிடம்தான். முன்னாலேயே போட்டால் நார்நாராகக் கரைந்து, கறி எங்கே என்று தேட வேண்டிவரும். அடுப்பை அணைக்கும் முன் உப்பு பாருங்கள்.

வெண்டைக்காயா, ஃபிலேவா

வெண்டைக்காய் போடுவதானால் பழகிய கைதான்: கழுவித் துடைத்து, ஒரு சென்டிமீட்டர் வட்டமாக நறுக்கி, உப்பில்லாமல் அகல வாணலியில் ஒரு ஸ்பூன் எண்ணெயில் பத்து நிமிடம் வதக்கி, வழவழப்பு போனபின் கம்போ பாதி கொதித்திருக்கும்போது சேருங்கள். ஃபிலே என்பது சாசஃப்ராஸ் மர இலையைக் காயவைத்துப் பொடித்தது; அந்த மண்ணின் சாக்டா பழங்குடியினர் கற்றுக்கொடுத்தது. கிடைத்தால் அவரவர் கிண்ணத்தில் கால் டீஸ்பூன் தூவுங்கள். கொதிக்கிற பாத்திரத்தில் போட்டால் நூல்நூலாக இழுக்கும். இரண்டில் ஒன்று போதும் என்பது பழைய வழக்கம். இரண்டுமே இல்லாத கேஜன் கம்போவும் ஏராளம்.

பரிமாற

சோறு தனியாக வேக வேண்டும். லூசியானாவில் அரிசி விளைகிறது. அங்கே வாசமில்லாத சாதா அரிசியைத்தான் வடிப்பார்கள். பாஸ்மதியைவிடப் பொன்னிப் பச்சரிசி நெருக்கமாக இருக்கும். குழிவான கிண்ணத்தின் நடுவில் ஒரு குவியல் சோறு, சுற்றிலும் இரண்டு கரண்டி கம்போ, மேலே வெங்காயத்தாளும் பார்ஸ்லியும். குழம்புச் சோறு மாதிரி பிசைகிற பண்டம் இல்லை, ஸ்பூனால் அள்ளிச் சாப்பிடுகிற சூப். சில கேஜன் வீடுகளில் சோற்றுக்குப் பதில் உருளைக்கிழங்கு சாலட் ஒரு உருண்டை வைப்பார்கள். சில்லென்ற கிழங்கும் சுடுகிற சாறும் நன்றாகவே சேரும்.

மிஞ்சினால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மூன்று நாள் தாங்கும். சோற்றை அதில் கலந்து வைக்காதீர்கள், ஊறிப் பொங்கலாகிவிடும். மறுநாள் மேலே உறைந்த கொழுப்பை ஒரு ஸ்பூன் மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எடுத்துப்போட்டு, அரை டம்ளர் தண்ணீர் சேர்த்துச் சிறு தீயில் சூடாக்குங்கள். முதல் நாளைவிட ருசியாக இருக்கும். மீன்குழம்பு வைத்தவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.