பிரான்சுக்கு வரும் புதுச்சேரிக்காரர்களுக்கு: எம்மாவுஸ் கடைக்குத் தயங்காமல் போங்கள்

புதுச்சேரியிலிருந்து குடிவரும் குடும்பங்கள் முதல் மாதத்திலேயே கையிருப்பைக் கரைத்துவிடுவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. பாத்திரம், மேசை, குளிர்கோட்டு எல்லாமே புதிதாக வாங்குகிறார்கள். பழைய பொருள் விற்கும் எம்மாவுஸ் கடைக்குப் போங்கள் என்றால், "அது ஏழைகளுக்குக் கொடுக்கிற இடமாச்சே, நாம போனா நல்லா இருக்குமா?" என்று தயக்கம். அங்கே யாரும் இனாமாகத் தருவதில்லை. காசு கொடுத்துத்தான் வாங்குகிறீர்கள்.

எம்மாவுஸ் 1949-இல் பாரீஸ் அருகே தொடங்கிய அமைப்பு. வீடு வாசல் இல்லாமல் வந்தவர்கள் அங்கே ஒன்றாகத் தங்கி, மக்கள் கொடுக்கும் பழைய பொருள்களைத் தரம் பிரித்து, பழுது பார்த்து விற்கிறார்கள். அந்த வருமானத்தில்தான் அவர்கள் பிழைப்பு ஓடுகிறது. கல்லாவில் இருப்பவரே அப்படி வந்தவராக இருக்கலாம். மரியாதையாக ஒரு 'போன்ழூர்' சொல்லிவிட்டு உள்ளே போங்கள். செஞ்சிலுவைச் சங்கமும் செக்கூர் பொப்யுலேர் என்ற உதவி அமைப்பும் இப்படிக் கடைகள் நடத்துகின்றன. அங்கே பெரும்பாலும் தொண்டர்கள்தான் நிற்பார்கள்.

பல கடைகள் வாரத்தில் சில நாள், அதுவும் சில மணி நேரம்தான் திறந்திருக்கும். விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். திறக்கும்போதே போனால்தான் நல்ல மேசை நாற்காலி கிடைக்கும். ஒட்டியிருக்கும் விலைதான் விலை. புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட் மாதிரி பேரம் பேச வேண்டாம்.

பாத்திரம் வாங்கப் போகிறீர்களா, ஒரு சின்னக் காந்தம் எடுத்துப்போங்கள். வீட்டில் இண்டக்ஷன் அடுப்பு இருந்தால், அடியில் காந்தம் கெட்டியாக ஒட்டும் பாத்திரம்தான் சூடாகும். ஊரிலிருந்து தூக்கிவந்த அலுமினியக் குண்டான் அதில் வேலைக்கு ஆகாது. செப் (SEB) என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் பிரஷர் குக்கர் அடிக்கடி கண்ணில் படும், நல்ல கனமான சாமான். ஆனால் மூடியைத் திருப்பி கேஸ்கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். விறைத்தோ வெடித்தோ இருந்தால் அதே மாடலுக்குப் புதிது கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

குளிர் தொடங்கும் முன்பே, செப்டம்பரிலேயே குளிர்கோட்டுத் தேடுங்கள். உள்பக்கத் துணிச்சீட்டில் 'லேன்' என்றிருந்தால் கம்பளி. பிறர் உடுத்தியதாயிற்றே என்று கொதிநீரில் போட்டுவிடாதீர்கள், சுருங்கிவிடும், டிரை கிளீனிங் கடையில் கொடுங்கள். மின்சாதனங்களை அங்கேயே போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

மெத்தையை மட்டும் புதிதாகவே வாங்குங்கள், மூட்டைப்பூச்சி வந்தால் வீடே நாசம். சோபாவிலும் தையல் ஓரங்களை விரித்துப் பார்க்க வேண்டும். குழந்தைக்கான கார் சீட்டும் ஹெல்மெட்டும் கண்டிப்பாகப் பழையது வேண்டாம். அடிபட்டதா இல்லையா என்று வெளியே தெரியாது.

அப்புறம், பிள்ளைகள் வளர்ந்து துணி சின்னதாகிவிட்டால் துவைத்துக் காயவைத்து, பையில் கட்டிக் கொண்டுபோய்க் கொடுங்கள். செருப்பை ஜோடியாகச் சேர்த்துக் கட்டுங்கள். கடை மூடியிருந்தால் வாசலில் வைத்துவிட்டு வராதீர்கள். மழையில் நனைந்தால் அது குப்பைக்குத்தான் போகும்.