கணக்கு யார் பெயரில்? சிறு நிறுவனங்கள் ஆன்லைன் கூட்டுப்பணிச் சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருப்பூரில் இருபது முப்பது பேர் வேலை செய்யும் பனியன் கம்பெனி ஒன்றில் ஓர் ஆர்டர் எப்படி நகர்கிறது என்று கவனியுங்கள். ஆர்டர் கொடுக்கும் பையர், ஆடையின் அளவும் வடிவமும் அடங்கிய டெக் பேக்கை மின்னஞ்சலில் அனுப்புகிறார். ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் அதிலிருந்து அளவுப் பட்டியலைத் தனி எக்செல் கோப்பாக எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். மூன்று நாள் கழித்துப் பையர் மார்பளவில் ஒரு சென்டிமீட்டரைக் கூட்டுகிறார். 'ஃபைனல் 2' என்ற பெயரில் புதிய கோப்பு அதே குழுவுக்கு வருகிறது. அதற்குள் டையிங்கிலிருந்து வந்த நிறத் துண்டுப் படங்களும் டெலிவரி சலான்களும் அதை எங்கோ மேலே தள்ளிவிடுகின்றன. கட்டிங் மாஸ்டரின் போனில் திறந்திருப்பது பழைய 'ஃபைனல்'. வெட்டிய துணியை ஒட்டவைக்க முடியாது.

இந்த இழப்பைத் தடுக்கத்தான் கூகுள் ஒர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, சென்னையில் தொடங்கிய ஜோஹோவின் ஒர்க்பிளேஸ் ஆகியவை இருக்கின்றன. மின்னஞ்சல், கோப்புகள், உரையாடல், வீடியோ கூட்டம் எல்லாம் ஒரே சந்தாவில் கிடைக்கும். எல்லோரும் ஒரே கோப்பைத் திறப்பதால் 'ஃபைனல் 2' என்ற பேச்சே எழாது. இந்த மூன்றில் எதை எடுத்தாலும் சிறு நிறுவனத்தின் அன்றாட வேலை நடக்கும். ஆனாலும் பலர் வசதிப் பட்டியல்களை வரிவரியாக ஒப்பிட்டு வாரக்கணக்கில் தவிக்கிறார்கள். நிறுவனங்கள் உண்மையில் அடிபடும் இடங்கள் வேறு. கணக்கு யார் பெயரில் இருக்கிறது, கடவுச்சொல் யார் கையில் இருக்கிறது, நாளை விலக நேர்ந்தால் நம் பொருளோடு வெளியே வர முடியுமா ஆகிய மூன்றையும் முதலில் கேளுங்கள் என்பதே என் வற்புறுத்தல்.

டொமைனும் நிர்வாகக் கணக்கும்

நிறுவனத்தின் பெயரில் மின்னஞ்சல் வேண்டுமென்றால் முதலில் டொமைன், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர், வாங்க வேண்டும். பெரும்பாலும் அதை வாங்குவது இணையதளம் வடிவமைத்துத் தந்த இளைஞர். அவருடைய கணக்கில், அவருடைய மின்னஞ்சலில், அவருடைய போன் எண்ணில் பதிவு செய்துவிடுவார். கெட்ட எண்ணம் எதுவும் இருக்காது. அவருக்கு அது வசதி, முதலாளிக்கும் ஒரு வேலை மிச்சம். ஓராண்டு கழித்துப் புதுப்பிப்பு அறிவிப்பு அவருக்குத்தான் போகும். அவர் பெங்களூரில் வேறு வேலையில் சேர்ந்திருப்பார். டொமைன் காலாவதியானதும் இணையதளம் மட்டுமல்ல, மின்னஞ்சலும் நின்றுவிடும். பையர் அனுப்பும் கடிதம் அவருக்கே திரும்பிப் போகும். ஷிப்மென்ட் வாரத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்பதை ஏற்றுமதியாளர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

டொமைனை முதலாளியோ பங்குதாரரோ தாங்களே கணக்குத் தொடங்கி, நிறுவனத்தின் பெயரில் வாங்க வேண்டும். அந்தக் கணக்கில் கொடுக்கும் தொடர்பு மின்னஞ்சல் அதே டொமைனைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. டொமைன் முடங்கினால் அந்த முகவரியும் முடங்கும்; கடவுச்சொல்லை மீட்கும் கடிதம்கூட வந்து சேராது.

கூட்டுப்பணிச் சேவையின் நிர்வாகக் கணக்குக்கும் இதே விதிதான். நிர்வாகிகள் இருவர் இருக்கட்டும். அவர்களில் ஒருவர் உரிமையாளராகவே இருக்கட்டும். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீடும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பு எல்லோருக்கும் கட்டாயம். அதற்கான மாற்றுக் குறியீடுகளை அச்சிட்டுப் பீரோவில் பூட்டி வையுங்கள். ஏற்றுமதி நிறுவனத்தின் மின்னஞ்சலுக்குள் புகுந்து, சரியான நேரம் பார்த்து 'எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது' என்று பையருக்கு எழுதிப் பணத்தைத் திருப்பிக்கொள்ளும் மோசடி இத்தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த ஆபத்து. அதற்கு எதிரான முதல் அரண் இரண்டடுக்குச் சரிபார்ப்பு. நம் பெயரில் வேறொருவர் போலிக் கடிதம் அனுப்பாமல் தடுக்க எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் ஆகிய, கடிதம் உண்மையில் நம்முடையதா என்று சரிபார்க்க உதவும் மூன்று பதிவுகளையும் டொமைனில் சேர்க்க வேண்டும். ஜிமெயிலுக்குக் கடிதம் அனுப்பும் எல்லோரிடமும் முதல் இரண்டில் ஒன்றாவது இருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் கட்டாயமாக்கியிருக்கிறது. சேவையில் சேரும் நாளிலேயே செய்து முடிக்கக்கூடிய வேலை இது.

ஒரே லாகினில் ஐந்து பேர்

ஒரு நபருக்கு மாதம் இவ்வளவு என்று கட்டணம் வருவதால், பணத்தை மிச்சப்படுத்த ஒரே கணக்கை ஐந்து பேர் பயன்படுத்தும் வழக்கம் இருக்கிறது. ஓடிபி எல்லாம் ஒருவருடைய போனுக்கு வரும். அவர் விடுப்பில் போனால் அலுவலகமே காத்திருக்கும். யார் எந்த அளவை மாற்றினார் என்பதும் தெரியாது. திருத்த வரலாற்றில் எல்லோருக்கும் ஒரே பெயர்தான். கூட்டுப்பணிச் சேவைக்குக் கொடுக்கும் பணத்தின் பாதிப் பயன் அந்த வரலாற்றில்தான் இருக்கிறது.

மிச்சப்படுத்த நேர்மையான வழிகள் உண்டு. விற்பனை, கணக்கு, ஷிப்பிங் என்று தனித்தனி முகவரிகள் தேவைப்பட்டால் ஒவ்வொன்றுக்கும் சந்தா கட்ட வேண்டியதில்லை. கூகுளில் ஒரு பயனருக்கு 30 மாற்று முகவரிகள் வரை கூடுதல் கட்டணமின்றி வைத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்டில் 50 ஜிபி வரையிலான பகிர்வு அஞ்சல்பெட்டிக்குத் தனி உரிமம் தேவையில்லை. கணக்கு யாருக்கு வேண்டும், கோப்பை வெறுமனே பார்த்தால் போதுமானவர் யார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்; சந்தா எண்ணிக்கை குறையும்.

ஒருவர் வேலையை விட்டுப் போகும்போது செய்யும் தவறு இதைவிடப் பெரியது. செலவு மிச்சம் என்று அன்று மாலையே அவர் கணக்கை நீக்கிவிடுகிறார்கள். அவருடைய தனி டிரைவில் இருந்த கோப்புகளும் அத்தோடு போகும். கூகுளில் நீக்கிய பயனரை 20 நாளுக்குள் மீட்கலாம்; மைக்ரோசாஃப்டில் 30 நாள். அதன்பின் கிடையாது. குறை சொல்லி இழப்பீடு கேட்கும் பையரின் கிளெய்ம், ஷிப்மென்ட் போய்ப் பல வாரங்கள் கழித்து வரும். மாதிரித் துணிக்கு அவர் கொடுத்த ஒப்புதல் கடிதத்தைத் தேடும்போது அது நீக்கிய கணக்கில் இருந்தது தெரியவரும். ஆகவே முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு கோப்புகளை வேறொருவருக்கு மாற்றி, அஞ்சலைப் பிரதி எடுங்கள். நீக்குவது கடைசி. ஆர்டர் கோப்புகள் தொடக்கத்திலிருந்தே ஆட்களின் டிரைவில் இல்லாமல் நிறுவனத்தின் பொது டிரைவில் இருந்தால் இந்த அலைச்சலே இல்லை. நீங்கள் எடுக்கும் திட்டத்தில் பொது டிரைவ் உண்டா என்று வாங்கும் முன்பே கேளுங்கள்.

இலவசம் நிலைக்கும் என்ற நம்பிக்கை

இலவசத் திட்டத்தில் தொடங்குவது தவறில்லை. அது இப்படியே இருக்கும் என்று நம்பி ஆவணங்களை அதில் சேர்ப்பதுதான் தவறு. ஸ்லாக் என்ற உரையாடல் சேவையின் இலவசத் திட்டத்தில் முன்பு கடைசி 10,000 செய்திகளைப் பார்க்க முடிந்தது. 2022 செப்டம்பரில் அது 90 நாள் வரலாறாக மாறியது. 2024 ஆகஸ்ட் முதல், ஓராண்டைத் தாண்டிய செய்திகளையும் கோப்புகளையும் இலவசக் கணக்குகளிலிருந்து அந்நிறுவனம் அழிக்கத் தொடங்கியது. வேலைப் பட்டியல் சேவையான டிரெல்லோவும் 2024இல் இலவசத் திட்டத்துக்குப் பத்துப் பேர் என்று வரம்பு வைத்தது.

பணம் கட்டினாலும் நிரந்தரம் என்று எண்ண வேண்டாம். ஹிப்சாட் என்ற உரையாடல் சேவையை அட்லாசியன் என்ற மென்பொருள் நிறுவனம் 2018இல் ஸ்லாக்கிடம் விற்றது. 2019 பிப்ரவரியில் அது மூடப்பட்டது. மெட்டாவின் ஒர்க்பிளேஸ் சேவையை நிறுத்தப்போவதாக 2024 மே மாதம் அறிவிப்பு வந்தது. சேவை என்பது வாடகைக் கட்டடம் போன்றது. காலி செய்யும் நாள் ஒருநாள் வரும் என்று எண்ணியே குடிபுக வேண்டும்.

எனவே பணம் கட்டும் முன் வெளியே வரும் வழியைச் சோதியுங்கள். பத்துக் கடிதங்கள், ஒரு விரிதாள், ஓர் உரையாடலை வெளியே எடுத்து வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். சூத்திரங்கள் உடைகின்றனவா? இணைப்புகள் வருகின்றனவா? உரையாடல் படிக்கும்படி இருக்கிறதா? கூகுள் ஒர்க்ஸ்பேஸில் நிறுவனத் தரவு முழுவதையும் மொத்தமாக ஏற்றுமதி செய்யும் வசதி, கணக்குத் தொடங்கி 30 நாள் ஆன பிறகே திறக்கும். சோதனைக் காலமோ 14 நாள். முதல் மாதச் சந்தாவையும் சோதனைச் செலவாகக் கருதிக்கொள்வதே சரி.

பில்லும் வரியும்

ஆண்டுச் சந்தா மலிவாகத் தெரியும். ஆனால் கூகுளின் ஆண்டு ஒப்பந்தத்தில் இடையில் ஆட்களைக் கூட்டலாம். புதுப்பிக்கும் நாள் வரை குறைக்க முடியாது. மைக்ரோசாஃப்டில் முதல் ஏழு நாளுக்குப் பின் அதே நிலை. சீசனுக்கு ஏற்ப ஆள் எண்ணிக்கை மாறும் தொழிலில், நிரந்தர ஊழியர்களின் அளவுக்கு மட்டும் ஆண்டுச் சந்தா எடுங்கள்.

கார்டிலிருந்து தானாகக் கழிந்துவிடும் என்று விட்டுவிடவும் கூடாது. ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் முதல் நடைமுறைக்கு வந்தபின், தொடர் கட்டணங்களுக்கு முன் ஒப்புதல் வேண்டும். 15,000 ரூபாயைத் தாண்டினால் ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். பத்துப் பேருக்கான ஆண்டுக் கட்டணம் எளிதில் இதைத் தாண்டும். புதுப்பிக்கும் தேதியைக் கணக்காளரின் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

ஜிஎஸ்டி எண்ணைப் பில்லிங் பக்கத்தில் நிரப்பாமல் விட்டால் கட்டிய 18% வரியை உங்கள் வரியில் கழித்துக்கொள்ளும் உள்ளீட்டு வரவை எடுக்க முடியாது. வெளிநாட்டு நிறுவனம் நேரடியாக டாலரில் பில் போட்டால், பதிவு பெற்ற நீங்கள் தலைகீழ் முறையில் (விற்பவருக்குப் பதில் வாங்குபவரே கட்டுவது) வரியைக் கட்டி வரவு எடுக்க வேண்டியிருக்கும். முதல் பில்லை ஆடிட்டரிடம் காட்டிவிடுங்கள்.

தரவு எந்த ஊரில் இருக்கிறது

ஜோஹோவில் கணக்குத் தொடங்கும்போது தேர்ந்தெடுக்கும் நாட்டைப் பொறுத்தே தரவு மையம் அமைகிறது. இந்தியா என்று தேர்ந்தெடுத்தால் தரவு இந்தியாவில். கவனிக்காமல் அமெரிக்கக் கணக்காகத் தொடங்கிவிட்டால் அங்கே. பின்னால் மாற்றுவது எளிதல்ல. பிரைவேட் லிமிடெட் நிறுவனங்களுக்கு இது சட்டக் கடமையோடும் தொடர்புடையது. கணக்குப் புத்தகங்களின் நகல் இந்தியாவில் உள்ள சர்வரில் தினமும் இருக்க வேண்டும் என்று நிறுவனச் சட்ட விதிகளை 2022 ஆகஸ்டில் திருத்தியிருக்கிறார்கள். ஜிஎஸ்டி ஆவணங்களையோ ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் காக்க வேண்டும்.

தனி நகல் இல்லாமல் இருப்பது இன்னொரு பெரும் தவறு. 'எல்லாம் கிளவுடில் இருக்கிறது' என்பது நகல் எடுத்ததாகாது. கூகுள் டிரைவில் நீக்கிய கோப்பு 30 நாள் குப்பைத் தொட்டியில் இருக்கும், பிறகு போய்விடும். கணினியில் வைரஸ் ஒரு கோப்பைப் பூட்டினால், கணினியில் உள்ளதை அப்படியே கிளவுடில் பதியும் ஒத்திசைவு அந்தப் பூட்டிய கோப்பையே மேலே ஏற்றும். சேவை தருபவரும் தவறலாம். 2022 ஏப்ரலில் அட்லாசியனின் பராமரிப்புப் பணியில் நேர்ந்த பிழையால் ஏறத்தாழ 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிந்தன. சிலருக்கு மீண்டும் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. வாரம் ஒருமுறை முக்கியக் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்கில் இறக்கி, டிஸ்கைக் கணினியிலிருந்து கழற்றி வைப்பது சிறு நிறுவனத்துக்குப் போதுமான தொடக்கம்.

பயன்படுத்தப் போகிறவரைக் கேட்காமல்

சேவையைத் தேர்ந்தெடுப்பவர் அலுவலகத்தில் பெரிய திரையில் பார்க்கிறார். செக்கிங் பொறுப்பாளர் அதை நடுத்தர விலை போனில், மெஷின் சத்தத்துக்கு நடுவே, விட்டுவிட்டு வரும் சிக்னலில் திறக்க வேண்டும். அவர் கையில் கொடுத்து, இன்றைய அளவுப் பட்டியலைத் திறந்து ஒரு குறிப்பைத் தமிழில் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். அவருக்கு முடியாத சேவை உங்களுக்கு ஆகாது. அவர் வாட்ஸ்அப்புக்கே திரும்பிவிடுவார், குற்றம் அவர்மேல் இல்லை.

தமிழில் பழைய பட்டியல்கள் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த கூலிப் பட்டியலும் ஜாப் ஒர்க் கணக்கும் ஆன்லைன் விரிதாளில் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். ஏற்றும் முன் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும். முழுத் தாளையும் ஒரேயடியாக எழுத்துரு மாற்றியில் கொட்டினால், ஆங்கிலத்தில் இருந்த பார்ட்டி பெயர்களும் ஸ்டைல் எண்களும் சிதைந்துபோகும். தமிழ்ப் பத்திகளை மட்டும் தனியாக எடுத்து மாற்றுங்கள்.

மாறும் நேரமும் முக்கியம். மார்ச் கடைசியிலும் கண்டெய்னர் கிளம்பும் வாரத்திலும் தொடவே வேண்டாம். ஆர்டர் குறைந்த மாதத்தில் ஒரே ஒரு பையரின் வேலையை மட்டும் புதிய சேவைக்கு மாற்றி, மற்றவற்றைப் பழைய வழியிலேயே நடத்துங்கள்.

பழைய ஜிமெயில் முகவரியை அவசரப்பட்டு மூடாதீர்கள். ஜிஎஸ்டி தளம், வெளிநாட்டு வர்த்தக இயக்ககமான டிஜிஎஃப்டியில் உள்ள இறக்குமதி ஏற்றுமதிக் குறியீடு, சுங்கத்துறையின் ஐஸ்கேட், வங்கி, பிஎஃப் என்று எத்தனையோ இடங்களில் பதிவான முகவரி அதுவாகத்தான் இருக்கும். ஒவ்வொன்றாகப் புதிய முகவரியைப் பதிந்து, ஓடிபி அதற்கு வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். ஓராண்டாவது பழைய முகவரிக்கு வரும் கடிதங்கள் புதியதற்கு வந்து சேரும்படி அமைத்து வையுங்கள்.